முக்காலியும் மருத்துவமனையும்: அல்வர் ஆல்டோ செய்த வேலை

கேள்வி இது: ஃபின்லாந்தின் அல்வர் ஆல்டோவைப் பெரிய கட்டடக் கலைஞர் என்கிறார்கள். ஆனால் அவர் பெயரைச் சொன்னாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மர முக்காலிதான். இரண்டில் எது அவருடைய உண்மையான தொழில்? அந்த முக்காலியின் வளைந்த காலில் அப்படி என்ன புதுமை? தச்சுப்பட்டறை உள்ளவர் அதைச் செய்து பார்க்க முடியுமா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: அவருக்கு இரண்டும் ஒரே தொழில். ஆல்டோ கடையில் விற்பதற்காக நாற்காலி வரைய உட்கார்ந்தவர் அல்ல. ஒரு காசநோய் மருத்துவமனைக்கும் ஒரு நூலகத்துக்கும் இருக்கைகள் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் இன்று விற்பவற்றில் முக்கியமானவை. அடிப்படைக் கண்டுபிடிப்புகள் எல்லாம் 1929 முதல் 1933 வரையிலான சில ஆண்டுகளுக்குள், துர்க்கு என்ற ஃபின்லாந்துத் துறைமுக நகரில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் கட்டடம் கட்டினார். அறைகலன் தன் போக்கில் விற்றுக்கொண்டிருந்தது.

அவர் பிறந்தது 1898 பிப்ரவரி 3 அன்று, குவோர்த்தானே என்ற ஊரில். தந்தை நில அளவையாளர். ஹெல்சிங்கியில் 1916-ல் கட்டடக் கலை படிக்கச் சேர்ந்து, இடையில் 1918 உள்நாட்டுப் போரில் ‘வெள்ளையர்’ எனப்பட்ட அரசுத் தரப்பில் நின்று சண்டையிட்டு, 1921-ல் பட்டம் பெற்றார். 1923-ல் யுவாஸ்குலாவில் சொந்த அலுவலகம் திறந்தார். அடுத்த ஆண்டு அங்கே வேலைக்கு வந்த கட்டடக் கலைஞர் அய்னோ மார்சியோவை மணந்தார். இந்தக் காலத்துக் கட்டடங்களில் பின்னாள் ஆல்டோவைத் தேடாதீர்கள். தூண், வளைவு, இத்தாலிய நினைவு என்று அன்றைய வட ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் எல்லாரும் கட்டியதைத்தான் அவரும் கட்டினார். நன்றாகவே கட்டினார், அவ்வளவுதான்.

திருப்பம் 1927-ல் வந்தது. துர்க்குவில் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கான போட்டியில் வென்று குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்தார். ஃபின்லாந்தில் பொதுக் கட்டடங்கள் பெரும்பாலும் போட்டி வழியாகவே கொடுக்கப்பட்டன. பெயரில்லாத இளைஞர் ஒருவருக்குப் பெரிய வேலை கிடைக்க அது ஒன்றே வழி. துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் ஓர் இரவுக் கப்பல் தூரம்தான். அங்கே ஸ்வீடன் கட்டடக் கலைஞர்கள் குன்னார் அஸ்ப்லுண்ட், ஸ்வென் மார்கேலியஸ் போன்றவர்களின் நட்பு கிடைத்தது. 1929-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த நவீன கட்டடக் கலைஞர் மாநாட்டுக்கும் போனார். அதே துர்க்குவில் ‘துருன் சனோமத்’ நாளிதழுக்கு அவர் கட்டிய அலுவலகத்தின் அச்சுக்கூடத்தைப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தூண்கள் நேராக ஏறி, உச்சியில் ஒரு பக்கமாக விரிந்து கூரையோடு கலக்கின்றன. தூண் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியிலும் இதே கேள்விதான் திரும்ப வரும்.

1929-ல் பைமியோ காசநோய் மருத்துவமனைப் போட்டியில் வென்றார். 1933-ல் கட்டடம் திறக்கப்பட்டது. அப்போது காசநோய்க்கு மருந்து இல்லை. வெயில், காற்று, ஓய்வு இவைதான் சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார். சாதாரண அறை நிற்பவருக்காகவும் உட்காருபவருக்காகவும் கட்டப்படுகிறது, இங்கே இருப்பவரோ படுத்திருக்கிறார் என்பதுதான் ஆல்டோ பிடித்த நுனி. அதிலிருந்து ஒவ்வொன்றாக மாறியது. படுத்திருப்பவர் நாள் முழுக்கப் பார்ப்பது மேற்கூரையை. அதனால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர் நிறம். விளக்கு தலைக்கு நேர் மேலே இல்லாமல் பார்வைக்கு வெளியே. வெப்பப் பலகை கூரையில், அதன் சூடு தலையை விட்டுக் காலடிப் பக்கம் விழும்படி. குளிர்காற்று நேராக மேலே படாமல் இரட்டைச் சன்னலின் இடைவெளியில் புகுந்து சூடேறி உள்ளே வரும். அறைக்கு 2 நோயாளிகள், ஆளுக்கொரு கைகழுவும் தொட்டி. தண்ணீர் சரிவான பரப்பில் சாய்வாக விழுவதால் ஒருவர் கை கழுவும் சத்தத்தில் மற்றவர் விழிக்க மாட்டார். மருத்துவரின் அங்கிக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவுப் பிடி. துணி அலமாரி தரையில் நிற்காமல் சுவரில் தொங்கும், அடியில் கூட்டித் துடைக்க வசதியாக.

இவ்வளவும் யோசித்தவர் நாற்காலியை மட்டும் பட்டியல் பார்த்து வாங்குவாரா?

உண்மையில் முதலில் அப்படித்தான் வாங்கினார். வடிவமைப்பாளர் மார்செல் ப்ராயரின் வளைந்த எஃகுக் குழாய் நாற்காலிகள் ஆல்டோ வீட்டிலேயே இருந்தன. எஃகுக் குழாய்தான் அன்றைய நவீனத்தின் அடையாளம். பிறகு அவர் சொன்ன குறைகள் எல்லாம் பயன்படுத்திப் பார்த்தவர் சொல்லும் குறைகள்: உலோகம் உடம்புச் சூட்டை இழுக்கும், வெளிச்சத்தை எதிரடிக்கும், இழுத்தால் சத்தம் போடும். காய்ச்சலில் கிடப்பவரிடம் குளிர்ந்த குழாயைத் தொடச் சொல்ல முடியாது. ஃபின்லாந்தில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது பிர்ச் மரம். நெருக்கமான நார், வெளிர் நிறம், வெனீராக, அதாவது மெல்லிய மரத் தாளாக, உரிக்க ஏற்றது. துர்க்குவில் அறைகலன் தொழிற்சாலை நடத்திய ஓட்டோ கோர்ஹோனென் கூட்டாளியானார். இவர் பெயர் பல கட்டுரைகளில் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. அது நியாயமில்லை. எந்த ஒட்டு பிடிக்கும், எந்த வளைவு விரியும் என்று கண்டது அவருடைய பட்டறை.

முதலில் வந்தவை கலப்பினங்கள்: எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் வளைத்த ப்ளைவுட் இருக்கை. அடுத்து எஃகே போய்விட்டது. பைமியோ நாற்காலி என்று அழைக்கப்படும் 41-ஆம் எண் சாய்விருக்கையில் இரு பக்கமும் ஒட்டுப்பலகையால் (மரப் பட்டைகளை அடுக்கி ஒட்டியது) ஆன மூடிய வளையங்கள். அவற்றுக்கு நடுவே மேலும் கீழும் சுருண்ட ஒரே ப்ளைவுட் தாள் தொங்குகிறது. மெத்தை இல்லை, துணி இல்லை. துடைத்துச் சுத்தம் செய்வது எளிது, காசநோய் விடுதியில் அது அலங்காரப் பேச்சு அல்ல. சுருளும் வளைவுமே வில் போல் விட்டுக்கொடுப்பதால் கட்டைப் பலகையில் உட்கார்ந்த உணர்வு வராது. தலை சாயும் இடத்தில் சில நீள்துளைகள் உண்டு. அடுத்து வந்த 42-ஆம் எண் இருக்கைக்குப் பின்னங்காலே கிடையாது. ஒட்டுப்பலகைச் சட்டம் முன்னாலிருந்து வளைந்து உடலைத் தாங்குகிறது. அந்த வேலையை அதுவரை எஃகுதான் செய்யும் என்று நம்பியிருந்தார்கள்.

இனி அந்தக் கால்.

நாற்காலி செய்வதில் பழைய தொல்லை ஒன்று: நிற்கும் கால் படுத்த பலகையைச் சந்திக்கும் மூட்டு. வழக்கமான முறையில் துளையடித்துக் கழுந்து (செதுக்கிய முனை) செருகி, கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டமும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டும் கைவேலை. ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் தளரும். ஆல்டோவின் யோசனை, மூட்டையே இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவது. கால் நேராக ஏறி, மேலே 90 பாகை வளைந்து, படுத்த கையாக மாறினால், அந்தக் கையை இருக்கையின் அடிப்பரப்பில் திருகாணி போட்டு முடித்துவிடலாம். குறுக்குச் சட்டம் வேண்டாம், கழுந்து வேண்டாம். காலைத் தூணின் தங்கை என்று அவர் அழைத்தது இதனால்தான். அச்சுக்கூடத் தூண் கூரையில் கலந்ததைப் போல இங்கே கால் இருக்கையில் கலக்கிறது.

ஆனால் கட்டை மரம் அப்படி வளையாது. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கட்டையை 90 பாகை வளைத்தால் வெளிப்பக்க நீளத்துக்கும் உள்பக்க நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் தடிமனைப் போல் 1.57 மடங்கு. 30 மி.மீ. தடிமனுக்கு 47 மி.மீ. ஒன்று வெளிப்பக்கம் அவ்வளவு நீள வேண்டும், அல்லது உள்பக்கம் அவ்வளவு சுருங்க வேண்டும். ஆவியில் வெந்த மரம் சுருங்கும், நன்றாகவே சுருங்கும், 25 சதவீதம் வரை கூட. நீளச் சொன்னால் 1, 2 சதவீதத்திலேயே வெளிநார் பிளந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் நாற்காலித் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் இதற்குக் கண்ட வழி, வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை கட்டி, நீளவிடாமல் தடுத்து, எல்லா மாற்றத்தையும் சுருக்கத்தில் தள்ளுவது. ஆல்டோவும் கோர்ஹோனெனும் கண்டது வேறு வழி. வளைய வேண்டிய பகுதியை மட்டும் நாரின் போக்கிலேயே பல மெல்லிய நாக்குகளாக அறுத்தார்கள். ஒவ்வொரு பிளவிலும் பசை தடவிய மெல்லிய மரத் தகடு செருகினார்கள். பிறகு சூடு, ஈரம், அச்சு. நாக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும். பசை இறுகியதும் வழுக்க முடியாது, வளைவு அப்படியே நின்றுவிடும். பிளவு இல்லாத கீழ்ப்பகுதி கட்டை மரமாகவே இருக்கிறது. 1933-ல் இதற்குக் காப்புரிமையும் வந்தது, 60-ஆம் எண் முக்காலியும் வந்தது.

அசலை அடையாளம் காண இதுவே நல்ல வழி. வளைவின் பக்கவாட்டில் விரல்கள் போல் ஓடும் கோடுகள் தெரியும். கொஞ்சம் கீழே இறங்கியதும் அவை நின்றுவிடும். கோடுகள் தரை வரை ஓடினால் அது முழுக்க வெனீர்களை அடுக்கி ஒட்டி வளைத்த கால். கெட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் செய்முறை வேறு.

பட்டறையில் செய்து பார்க்கலாமா? பார்க்கலாம். தொழிற்சாலையின் சூட்டு அச்சு இல்லாமல் உலர்முறையில் செய்வதென்றால் நாக்குகளை இன்னும் மெலிதாக்க வேண்டும். கணக்கு எளிது: ஒரு நாக்கின் வெளிப்பரப்பில் ஏற்படும் நீட்சி, அதன் தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண். உள் ஆரம் 75 மி.மீ., நாக்கு 3 மி.மீ. என்றால் 2 சதவீதம், முறியும். அதே ஆரத்தில் 1.5 மி.மீ. நாக்கு 1 சதவீதம்தான். நாரோட்டம் நேராக இருந்தால் பிழைக்கும். ஆகவே 25.5 மி.மீ. தடிமனுள்ள கட்டையில் 1.5 மி.மீ. அகலத்தில் 8 பிளவுகள் அறுத்தால் அதே தடிமனில் 9 நாக்குகள் மிஞ்சும். மெல்லிய அலகுள்ள பட்டை ரம்பம் இதற்குத் தோது. பிளவின் நீளம்: இருக்கைக்கு அடியில் போகும் கைக்கு 90, வளைவுக்கு வெளிவட்டத்தில் சுமார் 158, அதற்குக் கீழே 20, முனையில் வெட்டி எறிய 50, மொத்தம் சுமார் 320 மி.மீ. அந்தக் கடைசி 50 ஏன் என்றால், வளைத்ததும் நாக்கு முனைகள் படிக்கட்டு போல் நழுவி நிற்கும். முதல் நாக்குக்கும் கடைசி நாக்குக்கும் 40 மி.மீ. வித்தியாசம் வரும். அதைச் சதுரமாக வெட்ட மரம் வேண்டும்.

பிளவுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் முடியக் கூடாது. ஒரே மட்டத்தில் முடிந்தால் கால் முறியும் இடத்தை நாமே குறித்துக் கொடுத்தது போலாகும். 10 மி.மீ. ஏற்ற இறக்கமாக முடியுங்கள்.

மரத் தேர்வில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். கட்டையின் பக்கத்தைப் பாருங்கள்: நார் ஓட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விளிம்புக்கு இணையாகப் போக வேண்டும். சாய்ந்து ஓடி விளிம்பை வெட்டினால், அந்த இடத்தில் நாக்கு சீவல் போல் உரியும். முடிச்சு கூடவே கூடாது. பிர்ச், பீச், ஆஷ் நல்லவை. தேக்கு போல் எண்ணெய்ச் சத்துள்ள மரத்தில் பசை தயங்கும். அறுத்த உடனே கரைப்பானால் துடைத்து ஒட்ட வேண்டும். அப்போதும் உறுதி சொல்ல முடியாது.

செருகும் தகடு பிளவை விட ஒரு மயிரிழை மெலிதாக இருக்கட்டும், 0.1 மி.மீ. போதும். உலர்ந்த நிலையில் இறுக்கமாகப் போகும் தகடு பசை பட்டதும் உப்பிப் பாதியில் நின்றுவிடும்; உள்ளே தள்ளினால் பசையை வழித்துக்கொண்டு போகும். அப்படிப் பசையில்லாமல் போன மூட்டு வெளியிலிருந்து தெரியாது, ஓராண்டு கழித்துத்தான் தெரியும். வெள்ளைப் பசை இங்கே வேண்டாம். அது காய்ந்த பிறகும் தொடர் பாரத்தில் மெல்ல நகரும் தன்மை கொண்டது. காலுக்கு எப்போதும் பாரம்தான். யூரியா பிசின் பசையோ எப்பாக்சியோ பயன்படுத்துங்கள். இரண்டிலும் கையில் இருக்கும் நேரம் குறைவு. 8 பிளவுகள், 16 முகங்கள். ஆகையால் பசையில்லாமல் ஒரு முறை முழுவதும் வளைத்து, கிளாம்ப்கள் எங்கே வரும் என்று ஒத்திகை பார்த்துவிட்டே பசையைக் கலக்குங்கள். அச்சில் மெழுகோ பிளாஸ்டிக் தாளோ இல்லையென்றால் கால் அச்சோடு ஒட்டிவிடும். இறுக்குவது பிளவில்லாத பக்கத்திலிருந்து தொடங்கி முனை நோக்கிப் போக வேண்டும்; முனையை முதலில் இறுக்கினால் நாக்குகள் நழுவ வழியில்லாமல் நடுவில் புடைக்கும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

அச்சை எடுத்ததும் வளைவு விரியும் என்று பலர் எதிர்பார்த்து அச்சை இறுக்கமாகச் செய்கிறார்கள். இத்தனை அடுக்குகள் இருந்தால் விரிவு மிகக் குறைவு. நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: ஈரம் காயும்போது மரம் தடிமனில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது, அதனால் வளைவு இன்னும் இறுகும். தடிமனில் 2 சதவீதம் சுருங்கினால் 90 பாகை ஏறக்குறைய 91.8 ஆகும், காலடி உள்ளே சாயும். நீர் கலந்த பசை என்றால் இது நிச்சயம் தெரியும். சில வாரம் காயவிட்டு, பிறகு மேல் கையை இருக்கையில் உட்காரும்படி இழைத்துச் சரிசெய்யுங்கள்.

இருக்கைக்கு ஒரே பலகையைப் போடாதீர்கள். குறுக்கில் சுருங்கி விரியும் பலகையில் மூன்று திசையிலிருந்து கால்களைத் திருகாணி போட்டுக் கட்டினால் ஒன்று பலகை வெடிக்கும், அல்லது திருகாணித் துளை அகலும். ப்ளைவுட் அல்லது ப்ளாக்போர்டு (மரக் கட்டைகளை நடுவில் வைத்து ஒட்டிய பலகை) போட்டு விளிம்புக்குப் பட்டை ஒட்டுங்கள். 60-ஆம் எண் அசலின் அளவு விட்டம் 38, உயரம் 44 செ.மீ.

ஏன் மூன்று கால்? தமிழில் பெயரே முக்காலி என்பதால் நமக்கு இது விசித்திரமாகத் தெரியாது. மூன்று கால் எந்த மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. மூன்று கால் இருந்தால் ஒன்றைக் கொஞ்சம் திருப்பி இன்னொன்றின் மேல் வைக்கலாம். அடுக்கடுக்காக ஏறும்போது சுருள் கோபுரம் போல் நிற்கும். இதற்குக் கொடுக்கும் விலை, எளிதில் சாய்வது. காலடிகள் மையத்திலிருந்து 17 செ.மீ. தூரத்தில் இருந்தால், மூன்று காலில் எடை மையத்திலிருந்து 8.5 செ.மீ. நகர்ந்தாலே, இரு காலுக்கு நடுத் திசையில் கவிழும் எல்லை வந்துவிடும். நான்கு காலில் அது 12 செ.மீ. ஆகவே அதன் மேல் ஏறி நின்று விளக்கு மாட்டாதீர்கள். நான்கு கால் வடிவமும் (இ60) உடனே வந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவே புத்திசாலித்தனம்.

அந்த முக்காலிகள் வரிசை வரிசையாக நிரம்பிய இடம், அன்று ஃபின்லாந்தில் இருந்த வீபுரி நகரத்தின் நூலகம். 1927-லேயே போட்டியில் வென்ற திட்டம் அது. பணமும் இடமும் முடிவாகாமல் ஆண்டுகள் இழுத்தன. அந்தத் தாமதம் நல்லதாகப் போயிற்று. செவ்வியல் முகப்போடு தொடங்கிய வரைபடம் 1935-ல் திறக்கும்போது முற்றிலும் வேறு கட்டடமாகியிருந்தது. வாசிப்பு அறைக்குச் சன்னல் இல்லை; கூரையில் 57 வட்ட ஒளித்துளைகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம், கூம்பு போல் ஆழமானவை. அந்த அட்சரேகையில் கோடை உச்சியிலும் சூரியன் சுமார் 52 பாகைக்கு மேல் ஏறாது. கூம்பின் ஆழத்தை அந்தக் கோணத்துக்குக் கணக்கிட்டதால் நேர் வெயில் புத்தகத்தில் விழவே விழாது. கூம்புச் சுவரில் பட்டுச் சிதறிய வெளிச்சம்தான் இறங்கும். பல துளைகளிலிருந்து வருவதால் படிப்பவரின் தலை நிழல் பக்கத்தில் கறுப்பாக விழாது. சொற்பொழிவுக் கூடத்தின் அலை அலையான மரக் கூரையைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒளித்துளைகளே அதைவிடக் கூர்மையான வேலை என்பது இந்த எழுத்தின் கட்சி. போருக்குப் பிறகு நகரம் சோவியத் யூனியனுக்குப் போய், நூலகம் பத்தாண்டுகள் பாழாகக் கிடந்தது. முழு மீட்பு வேலை 2013-ல்தான் முடிந்தது.

1933 நவம்பரில் லண்டனில் இந்த நாற்காலிகள் காட்சிக்கு வைக்கப்பட்டதும் வெளிநாட்டிலிருந்து கேட்பு குவிந்தது. வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, சரக்கு அனுப்புவது, பணம் வசூலிப்பது எதுவும் ஆல்டோவின் அலுவலகத்துக்கு ஒத்துவரவில்லை. 1935-ல் கலை ஆதரவாளர் மைரே குல்லிக்சன், கலை விமர்சகர் நில்ஸ்-குஸ்தாவ் ஹால், அய்னோ, அல்வர் நால்வரும் சேர்ந்து ஆர்ட்டெக் நிறுவனத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். கலையையும் தொழில்நுட்பத்தையும் ஒட்டிய பெயர். அங்கே உள் அலங்கார வேலைகளைப் பெருமளவு நடத்தியவர் அய்னோ. 1941 முதல் நிறுவனத்தை நிர்வகித்தவரும் அவரே. 1932-ல் கண்ணாடிப் பொருள் போட்டியில் அவர் வரைந்த வளையம் வளையமான அழுத்தக் கண்ணாடி டம்ளர் பரிசு பெற்றது. அதன் தோற்றத்தை இன்றும் பலர் கணவர் கணக்கில் எழுதுகிறார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஃபின்லாந்து அரங்குக்கான போட்டியில் முதல் மூன்று பரிசும் அந்த வீட்டுக்கே போயின; மூன்றாவது அய்னோவுடையது. ‘ஆல்டோ செய்தார்’ என்று, அய்னோ இறந்த 1949 வரையிலான வேலையைப் பற்றி எங்கே படித்தாலும் பன்மையாகப் படிப்பது நல்லது.

மைரே குல்லிக்சனும் அவர் கணவரும் நூர்மார்க்குவில் கட்டிக்கொண்ட வில்லா மைரேயா (1938–39) ஆல்டோ பணக் கவலையில்லாமல் சோதித்துப் பார்த்த வீடு. எஃகுத் தூணுக்குப் பிரம்பு சுற்றினார். ஒரே வரிசையில் ஒரு தூண் ஒற்றை, அடுத்தது இரட்டை. எண்ணி வைத்த ஒழுங்கை வேண்டுமென்றே கலைத்தார். எஃகு கைக்குக் குளிர்கிறது என்று பைமியோவில் தொடங்கிய குறை இங்கே கட்டடத்தின் உடம்புக்கே வந்துவிட்டது.

போருக்குப் பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கல்வி நிலையத்தில் பாடம் நடத்தினார். அங்கே கட்டிய பேக்கர் மாணவர் விடுதி (1946–49) ஆற்றங்கரையில் பாம்பு போல் நெளிகிறது. அழகுக்காக மட்டும் நெளியவில்லை. நேராகக் கட்டினால் எல்லா அறைச் சன்னலும் போக்குவரத்துச் சாலையை நேருக்கு நேர் பார்க்கும். நெளித்ததால் பெரும்பாலான அறைகளுக்கு ஆறு சாய்வாகத் தெரிகிறது. சூளையில் கருகி வாழைப்பழம் போல் கோணிய செங்கற்களையும் ஒதுக்காமல் சுவரில் வைக்கச் சொன்னார். 1949 ஜனவரியில் அய்னோ இறந்தார். அடுத்து வந்த சாய்னாத்சலோ ஊராட்சிக் கட்டடம் (1950–52), தன் சொந்தக் கோடை வீடு என இரண்டிலும் செங்கல்தான். மூரட்சலோ தீவில் இருக்கும் அந்தக் கோடை வீட்டின் முற்றத்துச் சுவர் ஏறக்குறைய 50 விதமான செங்கல், ஓடு அடுக்குகளின் சோதனைப் பலகை. தன் அலுவலகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் எலிசா மாகினியெமியை 1952-ல் மணந்தார்.

அறைகலனில் இந்தக் காலத்தில் இரண்டே கால்கள் சேர்ந்தன: இரண்டு வளைவுகளை முதுகோடு முதுகு ஒட்டிய ஒய் வடிவக் கால் 1940-களின் இறுதியில், விசிறி போல் விரியும் எக்ஸ் வடிவக் கால் 1954-ல். விசிறிக்கால் பார்க்க மிக அழகு. ஆனால் வளைத்த கால்களை ஆப்பு வடிவத்தில் அரிந்து, அரிந்தவற்றை இம்மி பிசகாமல் சேர்த்து ஒட்ட வேண்டும். 1933-ன் கால் எளிமையால் வென்றது. இது திறமையைக் காட்டுகிறது, அதனால் விலையும் ஏறுகிறது. எல்லாருக்கும் மலிவான இருக்கை என்று தொடங்கிய யோசனை இப்படித்தான் மெல்ல அருங்காட்சியகப் பக்கம் நகர்ந்தது. ஆர்ட்டெக்கை 2013-ல் வித்ரா என்ற அறைகலன் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு ஆர்ட்டெக் கோர்ஹோனென் தொழிற்சாலையை வாங்கிக்கொண்டது.

கடைசிக் காலப் பெருங்கட்டடங்களில் ஒரு தோல்வியைச் சொல்லாமல் விட முடியாது. அது முக்காலிக் கணக்கின் மறுபக்கம். ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்தை (1971-ல் முடிந்தது) இத்தாலியின் வெள்ளைக் கராரா பளிங்குத் தகடுகளால் போர்த்தினார். சில ஆண்டுகளில் தகடுகள் அப்பளம் போல் வளையத் தொடங்கின. பளிங்கு என்பது கால்சைட் படிகங்களின் கூட்டு. சூடானால் ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் சிறிது சுருங்கும். அருகருகே இருப்பவை வெவ்வேறு பக்கம் திரும்பி இருப்பதால் ஒன்றையொன்று நெம்பிக்கொள்ளும். இடுக்கில் ஈரம் புகும். குளிர்ந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. தடித்த கல்லில் இது தெரியாது; மெல்லிய தகட்டில், ஒரு முகம் வெயிலிலும் மறுமுகம் நிழலிலும் இருக்கும்போது தகடே வளைந்து, வலுவும் இழந்துவிடும். 1998–99-ல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நகரின் அடையாளம் மாறக் கூடாது என்று மீண்டும் கராராவே போட்டார்கள். மீண்டும் வளைந்தது. 2025 தொடக்கத்தில் மண்டபம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது வடக்கு இத்தாலியின் லாசாவிலிருந்து வெட்டிய வேறு பளிங்கு ஏறியிருந்தது. இசை கேட்கவும் அந்த மண்டபம் சுகப்படவில்லை. 2011-ல் நகரம் தனியாக ஓர் இசை மையம் கட்டிக்கொண்டது.

ஆல்டோ 1976 மே 11 அன்று ஹெல்சிங்கியில் இறந்தார். பாதியில் நின்ற கட்டடங்களை எலிசா முடித்தார். பைமியோவுக்கு அதற்கு முன்பே வேறு கதி வந்திருந்தது: காசநோய்க்கு மருந்து வந்ததும் நோயாளிகள் வெயில் காய்ந்த நீண்ட மாடங்கள் தேவையற்றுப் போயின, அவற்றை அடைத்து அறைகளாக்கிப் பொது மருத்துவமனையாக நடத்தினார்கள்.